தன் முடிவைத் தானே சோதித்த அறிவியலாளர்

வியாழன் கோளைச் சுற்றிவரும் யூரோப்பா என்ற நிலவின் பனிப்பரப்புக்கு அடியில் உப்புக் கடல் ஒன்று இருக்கிறது; பூமியின் கடல்கள் அனைத்திலும் உள்ள நீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீர் அதில் இருக்கலாம் என்று அறிவியலாளர்கள் கருதுகின்றனர். அந்தக் கடலை எவரும் கண்டதில்லை. எந்தக் கருவியும் அந்தப் பனியைத் துளைத்ததில்லை. ஆயினும் அது இருப்பதாக நம்புவதற்கு வலுவான காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க விண்வெளி இயற்பியலாளர் மார்கரெட் கிவெல்சன்.

1928-இல் நியூயார்க்கில் பிறந்த அவர் அறிவியல் படிக்க விரும்பியபோது, பெண்ணுக்கு இயற்பியலில் வேலை கிடைப்பது அரிது, உணவியல் படிப்பதே நல்லது என்று உறவினர் ஒருவர் அறிவுரை கூறினாராம். அவர் இயற்பியலையே தேர்ந்தெடுத்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜூலியன் ஷ்விங்கரின் மாணவியாக 1957-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால், கோள்களின் காந்தப்புலம் குறித்த ஆய்வுக்கு அவர் வந்து சேரப் பத்தாண்டுகள் ஆயின. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1967-இல் அவர் சேர்ந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

அவர் பெயரை நிலைநிறுத்திய கலிலியோ விண்கலத் திட்டத்துக்கு 1977-இல் ஒப்புதல் கிடைத்தது. அதன் காந்தமானிக் குழுவுக்குக் கிவெல்சன் தலைமை ஏற்றார். தடைகளும் தாமதங்களும் தொடர்ந்தன. 1986-இல் நேர்ந்த சேலஞ்சர் விபத்து பயணத்தை மேலும் தள்ளிப்போட்டது. 1989-இல் புறப்பட்ட விண்கலம் 1995 டிசம்பரில்தான் வியாழனை அடைந்தது. வழியில் அதன் பெரிய அலைவாங்கி விரிய மறுத்ததால், திட்டமிட்டதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தரவுகள் வந்தன. முதல் பெரும் பயன் 1996-இல் கிடைத்தது: கானிமீட் நிலவுக்குச் சொந்தமாகக் காந்தப்புலம் இருப்பது தெரியவந்தது. அவ்வாறு அறியப்பட்ட நிலவு இன்றுவரை அது ஒன்றே.

யூரோப்பாவின் கதை இன்னும் நுட்பமானது. அதைப் புரிந்துகொள்ள, நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் செய்துகாட்டிய ஒரு சோதனை போதும். செங்குத்தாகப் பிடித்த செப்புக் குழாயில் ஒரு காந்தத்தைப் போட்டால், அது சட்டென்று விழாமல் மெல்ல மிதந்து இறங்கும். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆனால், காந்தம் நகரும்போது அதைச் சுற்றியுள்ள புலம் மாறுகிறது. அந்த மாற்றம் செம்பில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உருவாக்கி, மாற்றத்தை எதிர்த்து நிற்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தூண்டல் இதுவே. விமான நிலைய வாயிலில் நம் சட்டைப்பையிலுள்ள சாவியைக் கண்டுபிடிக்கும் கருவியும் இதே விதியில்தான் இயங்குகிறது. மாறும் காந்தப்புலத்தை அனுப்பி, எதிர்வினை வருகிறதா என்று பார்த்தால், உள்ளே மின்கடத்தி இருப்பதைத் திறக்காமலே அறியலாம்.

யூரோப்பாவைப் பொறுத்தவரை அந்தக் கருவியின் வேலையை வியாழனே செய்கிறது. வியாழனின் காந்த அச்சு அதன் சுழல் அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே கோள் சுழலும்போது அதன் காந்தப்புலமும் தள்ளாடுகிறது. யூரோப்பா இருக்கும் இடத்தில், புலத்தின் ஒரு கூறு சில மணி நேரம் வியாழனை நோக்கியும், பிறகு அதற்கு எதிர்த்திசையிலும் அமைகிறது. 11 மணி நேரத்துக்குச் சற்று மேலான கால அளவில் இந்தச் சுழற்சி முடிந்து மீண்டும் தொடங்குகிறது. யூரோப்பாவுக்குள் மின்கடத்தி இருந்தால், அது எதிர்ப்புலத்தை உண்டாக்கியாக வேண்டும்.

1996 டிசம்பரில் யூரோப்பாவை நெருங்கிச் சென்ற கலிலியோ, எதிர்பாராத காந்த மாறுபாடு ஒன்றைப் பதிவுசெய்தது. அது தூண்டலால் விளைந்ததாக இருக்கலாம் என்று கிவெல்சனின் குழுவைச் சேர்ந்த கிருஷன் குரானாவும் மற்றவர்களும் 1998-இல் எழுதினர். ஆனால் ஓர் ஐயம் எஞ்சியது. கானிமீடைப்போல் யூரோப்பாவுக்கும் நிலையான காந்தப்புலம் இருந்தால், அதுவும் இதே தடயத்தைத் தரக்கூடும்.

எந்த அளவீடு இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் என்பது தெளிவாக இருந்தது. வியாழனின் புலம் தலைகீழாக இருக்கும் வேளையில் யூரோப்பாவைக் கடக்க வேண்டும். நிலையான புலமென்றால் அது திசை மாறாது. தூண்டப்பட்ட புலமென்றால் தானும் திரும்பியாக வேண்டும். 2000 ஜனவரி 3-ஆம் நாள் அந்த வாய்ப்பு அமைந்தது. புலம் திரும்பியிருந்தது, கணித்தபடியே.

பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்றே சொல்லலாம். மையத்திலுள்ள உலோகமோ இவ்வளவு வலுவான தடயத்தைத் தர முடியாத ஆழத்தில் இருக்கிறது. மேற்பரப்புக்கு அருகே உலகளாவிய உப்புநீர்ப் படலம் என்பதே பொருத்தமான விளக்கம். உடைந்து நகர்ந்த பனிப்பாளங்களின் படங்கள் முன்பே கடலை உணர்த்தியிருந்தன. ஆனால், அவை எப்போதோ இருந்து உறைந்துபோன கடலின் தடமாகவும் இருக்கலாம். காந்தமானியோ இன்றைக்கும் நீர்மமாகவே இருக்கும் கடலைக் குறிக்கிறது. அப்படியிருந்தும், அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு கடலைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிக்கவில்லை. கடலுக்கான வாதம் 'மேலும் வலுப்பெறுகிறது' என்று மட்டுமே சொன்னது.

அந்த வாதத்தின் விளைவுகள் பெரியவை. கலத்தில் ஒட்டியிருக்கக்கூடிய பூமியின் நுண்ணுயிர்கள் யூரோப்பாவை மாசுபடுத்திவிடக் கூடாது என்பதற்காகவே, 2003-இல் கலிலியோவை வியாழனுக்குள் செலுத்தி அழித்தனர். அந்தக் கடலில் உயிர்வாழ்வதற்கு ஏற்ற சூழல் இருக்கிறதா என்று ஆராய 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் புறப்பட்டது. 2030-இல் அது வியாழனை அடையும். ஏறத்தாழ 50 முறை யூரோப்பாவை நெருங்கிக் கடந்து, கடலின் ஆழத்தையும் உப்பின் அளவையும் அது தனித்தனியே கணிக்க முயலும். அந்தக் கலத்துக்கென முதலில் திட்டமிட்ட காந்தமானியைச் செலவு மிகுந்துவிட்டதென 2019-இல் நாசா கைவிட்டது. அதற்கு மாற்றாக வந்த எளிய காந்தமானியின் குழுவுக்குத் தலைமை ஏற்றவர், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த கிவெல்சன்.

ஒப்புதல் கிடைத்த ஆண்டிலிருந்து அந்த ஜனவரி நாள் வரை 23 ஆண்டுகள். ஆண்டுதோறும் கட்டுரைகளை எண்ணி ஆய்வாளரை மதிப்பிடும் நம் உயர்கல்வி முறையில், இத்தகைய ஒரு கேள்வியைக் கையிலெடுக்க இளம் ஆய்வாளர் எவருக்குத் துணிவு வரும்? நிதி ஒதுக்குவோர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. மாணவர்களிடம் நான் கேட்பது வேறொன்று. ஆய்வேட்டின் முடிவுரையை எழுதி எடுத்துவருபவரிடம், “எந்த அளவீடு கிடைத்தால் இந்த முடிவைக் கைவிடுவீர்கள்?” என்று கேட்கிறேன். பலரிடம் விடை இருப்பதில்லை. அவர்களுக்கு நான் யூரோப்பாவின் கதையைச் சொல்லி, விடையோடு மீண்டும் வரச் சொல்கிறேன்.