சூரியனின் நிறையைக் கணக்கிடுவது எப்படி? சுற்றுப்பாதைகள் தரும் விடை

இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியைச் சுற்றிய பாதையில் நிலைநிறுத்தப்பட்டது. அப்புள்ளியின் இருப்பிடத்தைத் தீர்மானிப்பது சூரியன், பூமி ஆகியவற்றின் நிறை விகிதமாகும். தராசில் வைக்க இயலாத இவற்றின் நிறை எவ்வாறு அறியப்படுகிறது?

அடிப்படை விதி

மையத்திலுள்ள பொருளின் நிறை அதிகமெனில் அதன் ஈர்ப்பும் அதிகம். அதனைச் சுற்றும் பொருள் அதற்கேற்ப வேகமாகச் செல்ல வேண்டும். கெப்ளர் 1619-ல் வெளியிட்ட விதியை, நியூட்டன் 1687-ல் ஈர்ப்பு விசையைக் கொண்டு விளக்கினார். அதன்படி, தொலைவின் கனத்தைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், மைய நிறைக்கு நேர்விகிதத்தில் அமையும்.

சூரியனும் பூமியும்

நிலவு 3.84 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 27.3 நாட்களில் பூமியைச் சுற்றுகிறது. பூமி 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், 365.25 நாட்களில் சூரியனைச் சுற்றுகிறது. தொலைவு சுமார் 390 மடங்கு, காலம் 13.4 மடங்கு. 390-ன் கனத்தை 13.4-ன் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 3.3 லட்சம் கிடைக்கும். அதாவது, சூரியனின் நிறை பூமியைப் போல் ஏறத்தாழ 3.3 லட்சம் மடங்கு.

இதனை மூன்றால் பெருக்கினால் சுமார் 10 லட்சம். அதன் கனமூலம் 100. எனவே எல்1 புள்ளி, சூரியத் தொலைவில் நூறில் ஒரு பங்கான 15 லட்சம் கிலோமீட்டரில் அமைகிறது.

கிலோகிராமில் அறிய, ஈர்ப்பின் வலிமையைப் பூமியிலேயே அளக்க வேண்டும். 1798-ல் ஹென்றி கேவண்டிஷ், ஈயக் கோளங்களுக்கு இடையிலான நுண்ணிய ஈர்ப்பை அளந்து, பூமியின் அடர்த்தி நீரைப் போல் சுமார் 5.5 மடங்கு எனக் கண்டறிந்தார். பூமியின் நிறை, 6-ஐத் தொடர்ந்து 24 பூஜ்யங்கள் கொண்ட எண்ணுக்கு நெருக்கமான கிலோகிராம் ஆகும்.

திருத்தப்பட்ட புளூட்டோ

துணைக்கோள் அறியப்படாதவரை, புளூட்டோவின் நிறை மிகையாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. 1978-ல் சாரோன் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் 6.4 நாள் சுற்றுக்காலத்தைக் கொண்டு கணக்கிட்டபோது, புளூட்டோவின் நிறை பூமியின் நிறையில் சுமார் 500-ல் ஒரு பங்கே எனத் தெரியவந்தது. துணைக்கோளற்ற வெள்ளியின் நிறை, 1962-ல் அதனைக் கடந்து சென்ற மரைனர்-2 விண்கலத்தின் பாதை விலகிய அளவைக் கொண்டு துல்லியமாகக் கணிக்கப்பட்டது.

கண்ணுக்குப் புலப்படாத பொருளுக்கும் இம்முறை பொருந்தும். பால்வெளி மண்டலத்தின் மையத்தை 16 ஆண்டுகளில் சுற்றிவரும் எஸ்2 உள்ளிட்ட விண்மீன்களின் பாதைகள், சூரியனைப் போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை அங்கு செறிந்திருப்பதை உணர்த்தின. கருந்துளைக்குச் சான்றாக அமைந்த இந்த ஆய்வுக்காக ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோர் 2020-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.