பத்து கிலோ பிளேட்டின் உண்மையான கனம்

ஜிம்மில் பார்பெல்லின் இரு முனைகளிலும் மாட்டும் வட்டமான எடைத்தட்டுதான் பிளேட். அதைத் தனியே எடுத்து, இரு பக்க விளிம்பையும் பிடித்து, முழங்கையைச் சற்றே தளர்த்தியபடி தொடையருகிலிருந்து தோள் உயரம்வரை முன்னால் தூக்கி இறக்குவது ‘பிளேட் ஃப்ரன்ட் ரைஸ்’. தோளின் முன்பக்க டெல்டாய்டு தசையை வலுவாக்கும் பயிற்சி இது. தட்டில் பொறித்த எண்ணை மட்டும் பார்த்து இதற்கு எடையைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு தப்பிவிடும். எடை எவ்வளவு என்பதோடு, அது தோளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் சேர்ந்துதான் சுமையைத் தீர்மானிக்கிறது.

நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்து நெடுந்தூரம் நடக்கலாம். அதையே கைநீட்டிப் பிடித்தால் சில நொடிகூட நிற்காது. நீட்டிய கையில் பிளேட் தோள் மூட்டிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. தூக்கும் தசையோ மூட்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் அருகிலிருந்து இழுக்கிறது. நெம்புகோல் விதிப்படி 10 கிலோவைத் தாங்க, இரு தோள்களின் தசைகளும் சேர்ந்து 200 கிலோ எடைக்கு நிகராக இழுக்க வேண்டும். கைகளின் சொந்தக் கனம் தனி. கை தொங்கும்போது இந்தச் சுமை மிகக் குறைவு, தரைக்கு இணையாக நீளும்போது உச்சம். உடலை ஆட்டி வீசித் தூக்குபவர், தசை உழைக்க வேண்டிய அந்த உச்சத்தையே வேகத்தால் தாண்டிவிடுகிறார்.

பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்பவருக்கு முன்தோள் ஏற்கெனவே உழைக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பிரஸ் வகைகளை நிறையச் செய்பவருக்கு இது கட்டாயமில்லை. ஆனால் அங்கே மார்பும் கையின் பின்தசையும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இங்கே பெரும்பங்கு முன்தோளுக்கே. கைக்கொன்றாகப் பிடிக்கும் டம்பெல் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதும், ஒரு கை பலவீனமாக இருந்தால் டம்பெல்லே மேல், ஏனெனில் பிளேட்டில் வலுவான கை மற்றதன் குறையை மறைத்துவிடும். பிளேட்டின் ஆதாயம் பிடியில் இருக்கிறது: கட்டைவிரல்கள் மேல்நோக்கியே இருப்பதால் தோள் உள்பக்கமாகத் திரும்புவதில்லை; பலருக்கு அது மூட்டில் உறுத்தாத நிலை.

எடையைக் கூட்டினால் பலன் விரைந்து வராதா? தோள் மூட்டின் குழி ஆழமற்றது. எலும்பின் உருண்டைத் தலையை அதில் நிலைநிறுத்துபவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள். அவற்றின் வரம்பை மீறிய எடையில் இடுப்பு வளையும், கழுத்து இறுகும், தோளுக்கான வேலை வேறெங்கோ போகும். புதியவர் 2.5 அல்லது 5 கிலோவில் தொடங்கி, உடல் ஆடாமல் 12 முறை நிதானமாகத் தூக்கி இறக்க முடிந்த பிறகு எடையைக் கூட்டுவதே கணக்கோடு ஒத்துப்போகும் வழி.