படுக்கை அறையில் பியானோவுக்கு 4½ அடி

ஆஸ்டின் டவுனில் கூடம் ஒன்று, படுக்கை அறை ஒன்று என்று வீடு அமைந்தால் அதுவே பெரிய வசதி. அந்த வீட்டில் பிள்ளை பியானோ கற்கத் தொடங்கினால், பணத்துக்கு அடுத்த கவலை இடம்தான். கூடத்தில் டி.வி., சாப்பாடு, விருந்தாளி. மிஞ்சுவது படுக்கை அறை.

மரப் பியானோ சுமார் 200 கிலோ எடை. குறுகிய மாடிப்படியில் ஏற்றுவதே பெரும்பாடு. எலெக்ட்ரிக் பியானோவில் அந்தத் தொல்லை இல்லை. பெட்டி இல்லாத மாடல்கள் 10, 12 கிலோவில் கிடைக்கின்றன. சுருதி கூட்டவும் ஆள் வேண்டாம்.

மருத்துவமனைக் கட்டிலில் பிறந்தது

படுக்கைக்கும் இந்த வாத்தியத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் இருந்த ஹெரால்டு ரோட்ஸ் என்ற பியானோ ஆசிரியர், காயம்பட்ட வீரர்களுக்கு இசை கற்பித்தார். கழித்துப் போட்ட விமானங்களின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, கட்டிலில் இருந்தபடியே மடியில் வைத்து வாசிக்க 29 கட்டைப் பியானோ செய்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவுக்கு அதுவே முன்னோடி.

எவ்வளவு இடம்?

முழுப் பியானோவில் 88 கட்டைகள். அவற்றில் வெள்ளை 52. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் அகலம். கட்டைகள் மட்டுமே 4 அடி. இரு ஓரங்களையும் சேர்த்தால் நாலரை அடி. ஆழம் ஓர் அடி. உட்காருபவருக்கு 2 அடி.

பத்துக்குப் பத்து அறையில் 5 அடிக் கட்டிலை நடுவில் போட்டால் இருபுறமும் இரண்டரை அடிதான் இருக்கும். எதற்கும் உதவாது. கட்டிலை மூலையோடு ஒட்டிப் போடுங்கள். மறுபுறம் 5 அடி மொத்தமாகக் கிடைக்கும். எதிர்ச் சுவரில் 3 அடி பீரோ, நாலரை அடி பியானோ இரண்டும் நிற்கும். நடக்க 2 அடி மிஞ்சும். சுவர் ஓரம் படுப்பவர் எழுந்தால் அடுத்தவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

கட்டிலே ஆசனம் ஆகுமா?

ஆகாது. மெத்தை அமுங்கும்; முழங்கை கட்டைகளுக்குக் கீழே இறங்கிவிடும். வாசித்ததும் பியானோவுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய முக்காலியே நல்லது.

இடம் மிச்சம் என்று கருதி 61 கட்டை கீபோர்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், கீபோர்டுக்கு வேறு பாடத்திட்டம். பிள்ளை எழுதப் போவது எது என்று ஆசிரியரிடம் கேட்ட பிறகே கடைக்குச் செல்லுங்கள்.

தூங்கும் அப்பா

இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்குகிறவரின் தலைமாட்டில் பயிற்சி நடக்க வேண்டியிருக்கும். ஹெட்போன் போட்டால் இசை வெளியே வராது. ஆனால் கட்டைகளைத் தட்டும் 'டக் டக்' ஓசை தரை வழியே போகும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் மழைக்கால ஈரமும் அண்டாது.

கட்டிலுக்கு அடியில் வைத்து, வேண்டும்போது எடுக்கலாம் என்ற யோசனை வேண்டாம். தினமும் இழுத்து, தூக்கி, ஒயர் மாட்ட வேண்டிய வாத்தியம் மாதத்தில் நாலு நாள்தான் வெளியே வரும். எப்போதும் விரித்திருக்கும் வாத்தியத்தில்தான் பள்ளி விட்டு வரும் பிள்ளை பத்து நிமிடமாவது கை வைக்கும். அதற்காகப் பழைய டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றலாம்.

முன்பணம் கொடுக்குமுன் பழைய செய்தித்தாள்களை நாலரை அடிக்கு 3 அடியாக ஒட்டித் தரையில் விரித்து வையுங்கள். ஒரு வாரம் வீட்டார் அதை மிதிக்காமல் நடமாட முடிந்தால், பியானோவுக்கு இடம் உண்டு.