ஐந்து முடிந்து ஆறு - 7: ஐந்து மணி பேட்ச்

காலை எட்டரைக்குப் புதுச்சேரி நெல்லித்தோப்பு சிக்னலில் நின்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எது, ஆறாம் வகுப்புப் பிள்ளை எது என்று சொல்லிவிடலாம். சின்னது பக்கத்துத் தெரு தொடக்கப் பள்ளிக்கு நடந்து போகிறது. பெரியது ஷேர் ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டோ, அப்பாவின் ஸ்கூட்டரில் பையை மடியில் வைத்துக்கொண்டோ போகிறது. அந்தப் பை ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை. தூக்கிப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளை மந்தமாகிவிட்டது, சிடுசிடுக்கிறது என்று சொல்லும் பெற்றோர் எல்லாரும் போனைத்தான் திட்டுகிறார்கள். போனுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் போன் கைக்கு வரும் முன்பே பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டவர்கள் நாம். பள்ளி தூரமானதும் நடை போயிற்று. ட்யூஷன் சேர்ந்ததும் சாயங்காலம் போயிற்று. டிசம்பரில் புதுச்சேரியில் ஆறுக்குள் சூரியன் விழுந்துவிடுகிறது. பள்ளி விட்டு வந்து, யூனிபார்மைக் கழற்றி, ஒரு டம்ளர் பால் குடித்து முடித்தால் மிஞ்சுகிற வெளிச்சம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஐந்து மணி பேட்ச். கடற்கரைச் சாலையில் ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கு வழிவிடும்போது, நம் பிள்ளை ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் பாயில் சம்மணமிட்டு பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

உலகம் முழுக்கவே இந்தக் கதைதான். 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுவரை உள்ள மாணவர்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, 81 சதவீதம் பேருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம்கூட உடம்பு அசைவதில்லை. இந்தியாவில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர். கொஞ்சம் பரவாயில்லையே என்று நிம்மதி அடைவதற்குள் காரணத்தையும் படித்துவிடுங்கள். பையன்களுக்குக் கிரிக்கெட், பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை! தண்ணீர்க் குடமும் துடைப்பமும் உடற்பயிற்சிக் கணக்கில் ஏறுகின்றன. தம்பி தெருவில் பிளாஸ்டிக் பந்தை அடித்துக்கொண்டிருக்க, வயசுக்கு வரப்போகிறாள் என்று அக்காவை வாசற்படிக்குள் நிறுத்துவதும் இதே ஆறாம் வகுப்பில்தான். எலும்பு வேகமாகக் கனம் சேர்க்கும் வருஷங்கள் அவளுக்கு அப்போதுதான் தொடங்குகின்றன.

இதே ஊரில் நேர் எதிரான ஒரு பள்ளியும் இருக்கிறது. 1943 டிசம்பர் 2 அன்று ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை தொடங்கிய பள்ளி. அங்கே மாலை விளையாட்டு படிப்புக்குச் சமமான பாடம். ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் எதிலும் பெண் பிள்ளைகளுக்கென்று தனிச் சலுகை கிடையாது. பையன்களைப் போலவே அவர்களும் அரைக்கால் சட்டையில் மைதானத்தில் இறங்க வேண்டும் என்று நாற்பதுகளிலேயே அன்னை முடிவு செய்துவிட்டார். ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று மாணவர்கள் உடற்பயிற்சிகளைச் செய்து காட்டுவது இன்றும் வழக்கம்.

அங்கே பொதுத்தேர்வு இல்லை, பட்டம் இல்லை, சொந்த மைதானம் உண்டு. நமக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். முழுசாக வராது. ஆனால் அங்கே விளையாட்டு நேரத்தைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போக முடியாது. இந்த ஒன்றுக்கு மைதானம்கூட வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கிறோம், கையெழுத்தைக் கேட்கிறோம். இந்த மாதம் பி.டி. பீரியட் எத்தனை நடந்தது என்று கேட்ட ஒரு தகப்பனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ட்யூஷன் அக்காவிடமும் பேட்சை ஆறரைக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அஞ்சு மணிக்கு வந்தால்தான் எட்டுக்குள் அடுத்த பேட்சையும் முடிக்கலாம் என்பார். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் மாறலாம்.