பழைய காரின் பெற்றோல் பம்ப்: நிற்க முன்னர் அது சொல்வதைக் கேட்போம்

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. கொடிகாமத்துக்கு உட்புறமாக உள்ள ஒரு கிராமத்தில், வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் குடும்பமொன்றில் இளந்தாய் ஒருவருக்குப் பிரசவ வலி கண்டது. அந்த ஒழுங்கையில் இருந்த ஒரே கார் அயல்வீட்டுப் பெரியவருடைய ஒஸ்ரின் ஏ40. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட்ட அந்தக் கார் மீசாலையை அடைவதற்குள் மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை கிளம்பவேயில்லை. பின்னால் வந்த லாண்ட்மாஸ்டர் ஒன்றில் ஏற்றித்தான் தாயைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த நாள் கராஜில் பம்ப் பழுது என்றார்கள். உரம் வாங்க வைத்திருந்த காசில் புது பம்ப் பூட்டப்பட்டது. பத்து நாள் கழித்து அதே கார் அதே மாதிரி மறுபடியும் நின்றது. நாம் அங்கே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுவாமி, இது பம்பில பிழையில்லை. சக்சன் குழாய் காத்து இழுக்குது. எங்கட இறைப்பு மிசினும் இப்பிடித்தான் செய்யும்."

அவர் சொன்னது சரி. பம்புக்கு வரும் றப்பர் குழாயில், கிளிப் போட்ட இடத்தில், நகக்கண் அளவு வெடிப்பு. ஒரு சாண் குழாய் மாற்றியதும் கார் ஓடியது. அந்தத் தோட்டக்காரர் கார் ஓட்டத் தெரியாதவர். ஆனால் கிணற்றடியில் அவர் கற்ற பாடம் காருக்கும் பொருந்தியது. அந்தப் பாடத்தையே இங்கே எல்லோருடனும் பகிர்ந்துகொள்கிறோம்.

இந்தக் கார்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

ஒஸ்ரின் ஏ40 சமர்செற் கார்கள் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டவை. மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை வந்தது. குடாநாட்டு மக்கள் இவற்றை விட்டுவிடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் காண்பதே அரிதாயிற்று. சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் சில துளிகள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகையும் இருமலுமாக என்றாலும் அந்தப் பழைய எஞ்சின்கள் ஓடின. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்தபோது, நடக்க முடியாத முதியவர்களைச் சுமந்த வாகனங்களில் இவையும் இருந்தன. 2000ஆம் ஆண்டில் சாவகச்சேரியே போர்க்களமானபோது பலர் கார்களைக் கொட்டிலில் விட்டுவிட்டு ஓடினர். 2002இல் போர்நிறுத்தத்தின்பின் திரும்பியவர்கள் துருப்பிடித்த தாங்கிகளைக் கழுவி மீண்டும் ஓட்டினார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் அது மறுபடி திறந்தது. புதுக் கார் எம்மவருக்கு எட்டாத விலை. ஆகவே பலாப்பழமும் தேங்காயும் சந்தைக்குப் போவதற்கும், நோயாளி வைத்தியசாலைக்குப் போவதற்கும் பழைய காரை நம்பியிருக்கும் வீடுகள் இன்னும் உண்டு.

பம்ப் செய்யும் வேலை

பெற்றோல் தாங்கி காரின் பின்புறத்தில், கார்பரேற்றரைவிடத் தாழ்வாக இருக்கிறது. கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு நீர் ஏற்றுவது போல, பெற்றோலை இழுத்து ஏற்றுவதே பம்பின் வேலை.

ஒஸ்ரின் ஏ40இல் பம்ப் எஞ்சினின் பக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். எஞ்சின் சுழலும்போது உள்ளே ஒரு நெம்பு அசைந்து, டயபிரம் எனப்படும் மெல்லிய சவ்வைக் கீழே இழுக்கும். அப்போது பெற்றோல் உள்ளே வரும். பிறகு ஒரு சுருள்வில் சவ்வை மேலே தள்ள, பெற்றோல் கார்பரேற்றருக்குப் போகும். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு சிறு வால்வுகள் உண்டு. கிணற்றுக் குழாயின் அடியில் உள்ள புட்வால்வு போல, இவை திரும்பி ஓடவிடாமல் தடுக்கும்.

மொறிஸ் மைனரில் இருப்பது மின்சார பம்ப். சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று விரைவாக அடித்து, கார்பரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும்.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்

பம்ப் பெரும்பாலும் ஒரே நாளில் செத்துப்போவதில்லை. அதற்கு முன் பல நாள் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

1. சமதரையில் ஓடும் கார், பாரம் ஏற்றினாலோ வேகம் கூட்டினாலோ இழுக்காமல் திணறும்.

2. இரவு முழுதும் நின்றபின் காலையில் வழமையைவிட நெடுநேரம் சுற்றினால்தான் கிளம்பும்.

3. பம்பின் அடியில் ஈரம், பெற்றோல் மணம். இதைக் கண்டால் அன்றே காரை நிறுத்துங்கள். சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெற்றோல் தீப்பற்றும்.

4. ஒயில் அளவுகோலில் ஒயில் கூடியிருக்கும், பெற்றோல் மணக்கும். பழைய எஞ்சினில் ஒயில் குறைவதுதான் வழமை. கூடினால், சவ்வு கிழிந்து பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். நீர்த்துப்போன ஒயிலோடு ஓட்டினால் பம்போடு போகவேண்டிய செலவு எஞ்சினையே தின்றுவிடும்.

5. மின்சார பம்ப் ஓயாமல் விரைவாக அடித்தால் காற்று இழுக்கிறது, அல்லது தாங்கி வெறுமை. அடிக்கவேயில்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளே உள்ள தொடுமுனைகள் கருகிவிட்டன. மெதுவாகத் தட்டினால் வேலை செய்கிறது என்றால் அந்த முனைகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். தட்டித் தட்டி வீடு வந்து சேரலாம். அதையே வைத்தியமாக்கக் கூடாது.

பம்பைக் குறை சொல்ல முன்னர்

காசு செலவழிக்க முன்னர் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் தாங்கிக்குள் பெற்றோல் இருக்கிறதா? மானியை நம்பாமல் சுத்தமான தடியொன்றை விட்டுப் பாருங்கள். அடுத்து தாங்கியின் மூடி. மூடியில் உள்ள காற்றுத்துளை அடைபட்டால், ஒற்றைத் துளையிட்ட எண்ணெய்த் தகரம் ஊற்றாதது போல, பெற்றோல் வராது. கார் நின்றதும் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்டு, பிறகு கார் ஓடுமானால் காரணம் அதுவே. மூன்றாவது, றப்பர் குழாய்களும் கிளிப்புகளும். வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். நான்காவது, பம்பின் மூடிக்குக் கீழே உள்ள கம்பிவலை வடி. துருவும் தூசும் அங்கேதான் தேங்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொன்றும் நடக்கும். சூட்டினால் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி, பம்ப் இழுக்க எதுவுமின்றி நிற்கும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணித்தியாலம் நிழலில் ஆறவிட்டால் கார் கிளம்பும். அப்படிக் கிளம்பினால் பம்ப் பெரும்பாலும் நல்லதே. குழாய் சூடான புகைக்குழாய்க்கு அருகே போகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் பம்பைச் சோதிக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். தீப்பொறி எழாதபடி கொயிலுக்கு வரும் சிறு வயரைக் கழற்றி, அதன் நுனியைத் துணியால் சுற்றி விடுங்கள். கார்பரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, ஒருவர் ஹாண்டிலைச் சுற்றட்டும். பெற்றோல் துடிப்புத் துடிப்பாகப் பலமாகப் பாய்ந்தால் பம்ப் நல்லது. வழிந்து வந்தால், அல்லது குமிழியோடு வந்தால் பழுது உண்டு. மின்சார பம்புக்கு ஹாண்டில் வேண்டாம், சாவியைத் திருப்பினால் போதும். இந்தச் சோதனை கார்பரேற்றர் உள்ள பழைய கார்களுக்கு மட்டுமே. பெற்றோலைப் பீச்சும் புதிய முறைக் கார்களில் குழாய்க்குள் கடும் அழுத்தம் இருக்கும். அவற்றைக் கழற்ற வேண்டாம்.

காப்பதற்குச் சில பழக்கங்கள்

தாங்கியைக் கால் பங்குக்குக் கீழே இறக்காதீர்கள். பல ஆண்டு கொட்டிலில் கிடந்த கார்களின் தாங்கியடியில் துரு உண்டு. கடைசிச் சொட்டோடு அதுவும் பம்புக்குள் வரும். கானில் வைத்த பெற்றோலை மெல்லிய துணியால் வடித்து ஊற்றுங்கள். கண்ணாடிப் போத்தலில் சிறிது எடுத்து வைத்தால் தண்ணீர் அடியில் தனியே தெரியும். தாங்கிக்கும் பம்புக்கும் இடையே சிறு வடியொன்று பூட்டினால் செலவு சிறிது, பயன் பெரிது. வாரம் ஒரு தடவையாவது எஞ்சினை ஓட்டுங்கள். நெடுநாள் சும்மா கிடந்தால் சவ்வு காய்ந்து வெடிக்கும். புது பம்ப் பூட்டினாலும் பழையதை இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். திருகாணியால் பூட்டிய பழைய பம்பைக் கழற்றிச் சவ்வும் வால்வும் மாற்றலாம்.

உயிருக்கு ஆபத்தானவை

குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் பழக்கம் தடைக்காலத்தில் வந்தது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் அது உயிரையே குடிக்கும். யாரும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பலரும் சோடாப் போத்தல்களில் பெற்றோல் சேர்த்தோம். பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் அது இனி இருக்கக் கூடாது. இரவில் பொனற்றைத் திறந்தால் ரோச் லைற் மட்டுமே. ஜாம்போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த விளக்கைப் பெற்றோலருகே கொண்டுபோக வேண்டாம். பம்ப் பழுது என்று பொனற்றுக்குள் பெற்றோல் போத்தலைத் தொங்கவிட்டு ஓட்டுவதும் வேண்டாம்.

மீசாலை வீதியில் கார் நின்ற அந்த ஒழுங்கையில் இப்போது நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு பழைய பிஸ்கட் ரின்னில் ஒரு சவ்வு, ஒரு முழம் றப்பர் குழாய், நான்கு கிளிப், ஒரு வடி, ஒரு ரோச் லைற் வாங்கி வைத்திருக்கிறார்கள். மாத முதல் ஞாயிறு பிற்பகல் பெரியவரின் காரைப் பார்ப்பது அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் பொறுப்பு. குழாயை வளைத்துப் பார்ப்பதும் ஒயிலை மணந்து பார்ப்பதும் அவளுக்குக் கால் மணித்தியால வேலை. உங்கள் ஒழுங்கையிலும் ஒரு பழைய கார் இருந்தால், அது யாருடையதாக இருந்தாலும், இந்த ஞாயிறே நான்கு பேராகச் சேர்ந்து பொனற்றைத் திறந்து பாருங்கள்.