லவ்வுக்கு எத்தனை ரைம்?

ஆங்கிலப் பாட்டில் அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்று லவ். அதற்குச் சுத்தமாகப் பொருந்தும் ரைம் எத்தனைன்னு எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். டவ் (புறா), க்ளவ் (கையுறை), அபவ் (மேலே), ஷவ் (நெட்டித் தள்ளு). லண்டன் பேச்சில் முதலாளியைக் கூப்பிடும் ‘கவ்’வையும் சேர்த்தால் ஐந்து. மற்றவை பெரும்பாலும் இவற்றோடு வேறொன்றை ஒட்டிய கூட்டுச் சொற்கள். ஆங்கிலக் காதல் பாட்டுகளில் ஏன் இத்தனை புறா பறக்கிறது, ஏன் எல்லாரும் அண்ணாந்து வானத்தையே பார்க்கிறார்கள் என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கு. காதல் கூட்டிவந்த புறா இல்லை அது, ரைம் கூட்டிவந்த புறா.

சரி, ‘சுத்தமான ரைம்’ என்றால் என்ன? சொல்லில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியைக் கண்டுபிடிக்கணும். அந்த உயிரொலியும் அதற்குப் பின்னால் வரும் எல்லா ஒலியும் இரண்டு சொல்லிலும் ஒன்றாக இருக்கணும், அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் மெய் மட்டும் மாறணும். இதுதான் பெர்ஃபெக்ட் ரைம்.

இதில் நமக்கு இடறும் இடம் அந்த அழுத்தம்தான். தமிழ்ச் செய்யுளில் எதுகைக்கு இரண்டாம் எழுத்தைப் பார்க்கிறோம், இயைபுக்கு அடியின் கடைசியைப் பார்க்கிறோம். எங்கேயும் ‘எந்த அசையை ஓங்கிச் சொன்னாய்’ என்ற கேள்வியே கிடையாது. அதனால் நேஷன், ஓஷன் இரண்டும் நம் காதுக்கு ரைம் மாதிரிதான் படும். ரெண்டிலும் ‘ஷன்’ இருக்கே! ஆனால் அழுத்தம் ‘நே’யிலும் ‘ஓ’விலும் விழுகிறது. ஒப்பிடுவது அங்கிருந்துதான் தொடங்கணும், அங்கேயே இரண்டும் பிரிந்துவிட்டன. நேஷனுக்கு ஜோடி ஸ்டேஷன், க்ரியேஷன். இன்னொன்று: போட்டோகிராஃப் என்றால் அழுத்தம் முதல் அசையில், போட்டோகிராஃபி என்றால் இரண்டாவதில். ஒரே ஒரு ‘இ’ சேர்ந்ததும் சொல் குடும்பமே மாறி, ஜியாகிராஃபி, பயாகிராஃபி பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கம்ப்யூட்டர் செய்வதும் இதே வேலைதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இலவசமாகவே கிடைக்கிறது. ஏறக்குறைய 1,34,000 சொற்கள், 39 ஒலிகள். ஒவ்வொரு உயிரொலிக்குப் பின்னாலும் ஒரு எண்: முக்கிய அழுத்தத்துக்கு 1, துணை அழுத்தத்துக்கு 2, அழுத்தமே இல்லையென்றால் 0. கடைசி அழுத்தத்திலிருந்து வெட்டி எடுத்து, அதே வால் உள்ள சொற்களைத் தேடினால் ரைம் பட்டியல் தயார். பைதான் கொஞ்சம் தெரிந்தவர் ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் இது அத்தனை நேராக இல்லை. ஜான் வாக்கர் 1775-இல் வெளியிட்ட அகராதியில் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கினார். அருமையான யோசனை. ஆனால் எழுத்தை வைத்து அடுக்கினால் லவ், மூவ், ஸ்டோவ் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். காதில் மூன்றும் வேறு. இப்படிக் கண்ணுக்கு மட்டும் ஒத்துப்போவதற்கு ‘ஐ ரைம்’ என்று பேர்.

ஷேக்ஸ்பியர் தன் 116-ஆம் சானெட்டில் லவ்வையும் ரிமூவையும் ஜோடி சேர்த்திருக்கார். இன்று வாசித்தால் இடிக்கிறது. அவர் காலத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன என்பது மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டலின் வாதம். அப்படியென்றால் அன்று காதுக்குப் பொருந்திய ரைம், உச்சரிப்பு நகர்ந்த பிறகு கண்ணுக்கு மட்டும் மிஞ்சியிருக்கு.

இனி நியர் ரைம். ‘கிட்டத்தட்டச் சரி’ என்றதும் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகாது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று முதலில் முடிவு பண்ணணும். உயிரொலியை வைத்துக்கொண்டு கடைசி மெய்யை மாற்றுவது ஒரு வழி. லவ்வின் முடிவில் இருக்கும் ஒலிக்கு மிக நெருங்கிய உறவு ‘ஃப்’. இரண்டுமே மேல்பல் கீழுதட்டில் பட்டுப் பிறப்பவை, தொண்டை அதிர்வதும் அதிராததும்தான் வித்தியாசம். அதனால் இனஃப், ரஃப், டஃப் எல்லாம் கதவைத் தட்டுகின்றன. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கம், சம், ட்ரம். இன்னும் தள்ளி ப்ளட், மட். புறாவும் கையுறையும் மட்டும் இருந்த வீட்டுக்குள் ‘போதும்’, ‘முரடு’, ‘ரத்தம்’, ‘சேறு’ எல்லாம் வந்துவிட்டன பாருங்க. காதலைப் பற்றிச் சொல்ல இவைதான் அதிகம் பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

எதிர்வழியும் உண்டு: மெய்களை அப்படியே வைத்து உயிரை மாற்றுவது. லவ், லிவ், லீவ். வாழ்வதும் விட்டுப்போவதும் ஒரே எலும்புக்கூட்டுக்குள். முதல் உலகப்போர்க் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் இந்த வகையை நிறையக் கையாண்டார். முழுசாகப் பொருந்தாத அந்த உறுத்தல் அவர் சொல்ல வந்த விஷயத்துக்கு வேண்டியிருந்தது.

ஆனாலும் நெடுங்காலம் நியர் ரைம் என்றால் கவிஞரின் கைக்குறை என்றே பார்த்தார்கள். எமிலி டிக்கின்சன் 1886-இல் இறந்த பிறகு 1890-இல் முதல் தொகுப்பு வந்தபோது, பதிப்பாசிரியர்கள் சில இடங்களில் சொற்களையே மாற்றி ரைமைச் சீராக்கிவிட்டார்கள். அவர் எழுதியபடியே எல்லாக் கவிதைகளும் ஒன்றாகக் கிடைக்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கருவியை நம்பும்போது ஒரு எச்சரிக்கை. கார்னகி மெலன் அகராதி அமெரிக்க உச்சரிப்பு. அதில் தேடினால் ‘ஆஃப்’ என்று நாம் சொல்லும் சின்ன இடைச்சொல்லும் லவ்வுக்கு ரைமாக வந்து நிற்கும், ஏன்னா அமெரிக்கர் வாயில் அது ‘அவ்’. அமெரிக்கப் பாடலாசிரியர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டிஷ் வாயில் அது ‘ஒவ்’ பக்கம் போகும், அங்கே ரைம் கலைந்துவிடும். நம் ஊர் ஆங்கிலத்தில் எழுதி நம் ஊரில் வாசிப்பதென்றால் அந்த ஜோடியை நான் போடமாட்டேன்.

லவ்வுக்காவது ஐந்து. மாதத்துக்கான ‘மந்த்’துக்கு அகராதி ஒன்றுமே தராது. ஆனால் அதையே பன்மையாக்கிப் பாருங்க. வேகமாகப் பேசும்போது பலரும் அந்த ‘த்’தை ‘ட்’டாக்கி ‘மன்ட்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். உடனே ஹன்ட்ஸும் ஃப்ரன்ட்ஸும் ஜோடிக்கு வந்துவிடுகின்றன.