பேஸ்பால் பெட்டகத்துக்குள் எட்டிப் பார்ப்போம், வாங்க!

நியூயார்க் மாநிலத்தில், ஒட்சேகோ ஏரிக்கரையில் இருக்கிறது கூப்பர்ஸ்டவுன். ஜனத்தொகை இரண்டாயிரத்தைத் தொடாத சிற்றூர். ஆனால் பேஸ்பால் பைத்தியம் பிடித்த அமெரிக்கர்களுக்கு அதுதான் காசி! 1939-இல் திறக்கப்பட்ட பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அங்கேதான் இருக்கிறது. வருகிற கூட்டமெல்லாம் அருங்காட்சியகத்துக்குள் போய் நட்சத்திரங்களின் மட்டைகளையும் சட்டைகளையும் பார்த்து வாய்பிளந்து நிற்கும். நிற்கட்டும். நாம் நூலகப் பக்கம் திரும்புவோம். அசல் திருவிழா அங்கேதான் நடக்கிறது!

ஜியாமட்டி ஆய்வு மையம் என்று பெயர். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சுமார் முப்பது லட்சம் ஆவணங்கள். பழைய புகைப்படங்களைத் தொடுவதற்குக் கையுறை தருவார்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பியவராக இருந்தாலும் அவர் பெயரில் ஒரு கோப்பு உண்டு. அப்படி இருபதாயிரத்துக்கும் மேல்! பத்திரிகை நறுக்குகள், கடிதங்கள், இரங்கல் செய்திகள் என்று ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கை. சிலவற்றில் ஒரு கேள்வித்தாளும் இருக்கும். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கு அனுப்பி நிரப்பி வாங்கியது. பிறந்த ஊர், எந்தக் கை ஆட்டம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாழக் கிடைத்தால் பேஸ்பாலையே தொழிலாக எடுப்பீர்களா என்றும் அதில் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்கத் தோன்றிய மனிதருக்கு ஒரு கும்பிடு!

இனி என் மனசுக்கு ரொம்பப் பிடித்த சரக்குக்கு வருகிறேன். லீகின் தினப்பதிவேடு. ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு பக்கம், ஆட்டம் ஒன்றுக்கு ஒரு வரி, எல்லாம் கையால் எழுதியது. பார்த்தால் மளிகைக் கணக்கு போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே வெடிகுண்டு!

1910-ஆம் வருடம். அதிக பேட்டிங் சராசரி (அடிக்க வந்த முறைகளில் எத்தனை ஹிட் என்ற விகிதம்) எடுப்பவருக்கு சால்மர்ஸ் கார் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். டெட்ராய்ட்டின் டை காபுக்கும் கிளீவ்லாந்தின் நாப் லாஜுவாவுக்கும் கடைசி நாள்வரை போட்டி. காபைச் சக ஆட்டக்காரர்கள் பலருக்குப் பிடிக்காது. கடைசி நாளில் எதிரணியான செயின்ட் லூயிஸ், தன் மூன்றாம் பேஸ் காவலாளியை வேண்டுமென்றே வெகுதூரம் பின்னால் நிற்கவைத்தது. லாஜுவா பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஓடினார். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களிலுமாக எட்டு ஹிட்! பெரிய ரகளையாகி, கடைசியில் காபுக்கே பட்டம் என்று லீக் தலைவர் தீர்ப்புச் சொன்னார். கார் கம்பெனி இருவருக்குமே ஆளுக்கொரு கார் கொடுத்தது.

எழுபது வருடம் கழித்து, பீட் பால்மர் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் அந்தப் பதிவேட்டை வரி வரியாகப் பார்க்கிறார். டெட்ராய்ட்டின் ஒரு ஆட்டம் இரண்டு முறை ஏறியிருக்கிறது! காபின் கணக்கில் இரண்டு ஹிட் கூடுதல். அதை எடுத்துவிட்டால் அந்த வருடப் பட்டம் லாஜுவாவுக்குப் போகிறது. 1981-இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை இதைப் போட்டு உடைத்தது. பேஸ்பால் ஆணையர் மட்டும் அசையவில்லை. பழைய கணக்கே நிற்கும் என்றுவிட்டார்.

இதன் வால் 1985 வரை நீள்கிறது. காபின் மொத்த ஹிட் 4,191 என்று நம்பி, சின்சினாட்டி ஆட்டக்காரர் பீட் ரோஸ் அதைத் துரத்தினார். செப்டம்பர் 11 அன்று சின்சினாட்டியில் 4,192-ஆவது ஹிட். அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சரியான கணக்கு 4,189 என்றால், சாதனை மூன்று நாள் முன்பே சிகாகோவில் முறிந்துவிட்டது. அங்கே கைதட்டியவர்களுக்குத் தாங்கள் பார்த்தது என்னவென்றே தெரியாது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை!

அதிகாரப்பூர்வப் புத்தகமும் சில சமயம் இறங்கிவரும். ஹாக் வில்சன் 1930-இல் 190 ஓட்டங்களை அடித்து உள்ளே கொண்டுவந்தார் என்பது எழுபது வருடமாக வேதவாக்கு. அவருக்குச் சேரவேண்டிய ஒன்று சக ஆட்டக்காரர் சார்லி கிரிம் பெயரில் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து, 1999-இல் 191 என்று திருத்தினார்கள். வில்சன் இறந்தது 1948-இல்.

எண்களின் மீது இத்தனை காதல் எங்கிருந்து வந்தது? கிரிக்கெட்டிலிருந்து! இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் நிருபராக இருந்த ஹென்றி சாட்விக்தான் நம் ஸ்கோர் அட்டையின் பாணியைப் பேஸ்பாலுக்குக் கொண்டுபோய் வளர்த்தவர். அவருடைய ஸ்கோர் புத்தகங்கள் நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பில் இருந்தன.

சரி, ஆட்டம் பிறந்தது எங்கே? 1905-இல் அமைத்த ஒரு குழு, டென்வரிலிருந்து ஆப்னர் கிரேவ்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர் எழுதியதை நம்பி, 1839-இல் ஆப்னர் டபிள்டே கூப்பர்ஸ்டவுனில் கண்டுபிடித்தார் என்று அறிவித்தது. அருங்காட்சியகம் இந்த ஊருக்கு வந்ததே அதனால்தான். ஆனால் அந்த வருடம் டபிள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர் என்று கல்லூரி ஆவணம் சொல்கிறது. பிறகு 2004-இல் ஜான் தார்ன் என்ற வரலாற்றாசிரியர் கொடுத்த துப்பை வைத்து மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் 1791-ஆம் வருட ஊர்ச்சட்டம் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். புதுக் கூட்ட மண்டபத்தைச் சுற்றி 80 கஜத்துக்குள் பேஸ்பால் ஆடக்கூடாதாம், ஜன்னல் உடையும்! இதற்கும் முன்னால், 1755 ஈஸ்டர் திங்களன்று பேஸ்பால் ஆடியதாக இங்கிலாந்தின் சர்ரேயில் வில்லியம் பிரே என்ற பதின்ம வயதுப் பையன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறான். 2008-இல் வெளிச்சத்துக்கு வந்த குறிப்பு அது. அன்று அவனோடு ஆடியவர்களில் இளம்பெண்கள் பலர் என்பது இன்னும் இனிப்பு.

காப்பகம் என்றால் அலமாரி மட்டும் இல்லை. கனடாவின் டாசன் நகரத்தில் அது மண்ணுக்கடியில் இருந்தது. 1978-இல் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது, ஒரு பழைய நீச்சல் குளத்துக்குள் புதைத்திருந்த ஐந்நூற்றுச் சொச்சம் சினிமாச் சுருள்கள் கிளம்பின. உறைபனி நிலம் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதிலொன்றில் 1919 வேர்ல்ட் சீரீஸ்! சிகாகோ அணியின் எட்டுப் பேர்மீது சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட அதே தொடர், ஓடும் படமாக. 2014-இல்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது.

இத்தனையிலும் பெரிய காரியம் என்று நான் சொல்வது நீக்ரோ லீகுகளின் கணக்கை மீட்டதைத்தான். கறுப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீக் சேர்க்காத காலத்தில் அவர்கள் தனி லீகுகளில் ஆடினார்கள். வெள்ளையர் பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிமைச் சுழற்றிச் சுழற்றி, மங்கிய ஸ்கோர்களை ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்தார்கள் லாரி லெஸ்டர் போன்றவர்கள். பல பத்தாண்டு உழைப்பு. 2024 மே மாதம் மேஜர் லீக் அந்த எண்களைத் தன் ஏட்டில் சேர்த்தது. ஆயிரத்துக்கு 372 என்ற பேட்டிங் சராசரியோடு நீக்ரோ லீக் ஆட்டக்காரர் ஜாஷ் கிப்சன் எல்லோருக்கும் மேலே போனார். 367 வைத்திருந்த காப் இரண்டாமிடம். கிப்சன் 1947 ஜனவரியில் காலமானவர். அந்த இனத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் இறங்கியது அதே வருடம் ஏப்ரலில்.

அந்த லீகுகளின் ஸ்கோர்களில் கிடைத்திருப்பது முக்கால்வாசிதான். தேடல் இன்னும் நடக்கிறது. புதிதாக ஸ்கோர் கிடைக்கக் கிடைக்க கிப்சனின் 372-உம் மாறலாம்.